நிக்கிற கோடு, படுக்கிற கோடு

அம்மா: இதுவும் நான் எழுதினதுதான் டீச்சர்.

டீச்சர்: இதுவுமா?

அம்மா: ம்.

டீச்சர்: இதுக்கு ரெண்டு ஸ்டார் போட்டிருக்கேனே...

அம்மா: அடுத்த பக்கத்துக்கு மூணு போட்டிருக்கீங்க. அதுவும் நான்தான்.

டீச்சர்: இருங்க, இருங்க. எனக்குத் தலை சுத்துது. இது உங்க பொண்ணோட ஹோம்வொர்க் நோட்டு. நாலு வயசுக் குழந்தையோட நோட்டு. இதுல அவ எழுதினது எது? அதை மட்டும் காட்டுங்க.

அம்மா: இந்த முதல் பக்கம். அப்புறம்... இது. பாதி.

டீச்சர்: பாதியா?

அம்மா: மேல மூணு வரி அவ. கீழ நான்.

டீச்சர்: நாப்பது பக்கத்துல ஒண்ணரைப் பக்கம்!

ஆயா: காலைக் கொஞ்சம் தூக்குங்க ரெண்டு பேரும். இந்த மூலையைத் துடைச்சுட்டா என் வேலை முடிஞ்சுது.

டீச்சர்: ஆயாம்மா, அப்புறம் துடைக்கலாம்.

ஆயா: அப்புறம்னா எப்ப? அஞ்சு மணிக்கு கேட்டைப் பூட்டணும். குட்டி நாற்காலியில முட்டி மோவாயை இடிக்க உக்காந்திருக்கீங்க பாருங்க... உங்க ரெண்டு பேருக்கும் நாளைக்கே அட்மிஷன் போட்டுடலாம்.

அம்மா: ஆயாம்மா, பாப்பா எங்க?

ஆயா: மணல்ல விட்டிருக்கேன். எறும்புக்குக் கதை சொல்லிட்டிருக்கா. வாயாடின்னு பேர் வச்சது சும்மாவா? எறும்பே காதைப் பொத்திக்கிட்டு ஓடுது.

டீச்சர்: அவளைத் தனியா விட்டுட்டு வராதீங்க.

ஆயா: ஜன்னல் வழியா தெரியுது. நீங்க உங்க பஞ்சாயத்தைப் பாருங்க.

டீச்சர்: எப்படிங்க நான் கண்டுபிடிக்காம விட்டேன்? எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்கேன்! கோடு கோணலா இருக்கு, கட்டத்துக்கு வெளிய போகுது, ரப்பர் போட்டுத் தேச்ச கறைகூட இருக்கு...

அம்மா: கறை வேணும்னே வச்சதுதான். இடது கையால எழுதுவேன். அப்புறம் விரல்ல எச்சில் தொட்டு ஒரு தேய்.

ஆயா: அடேங்கப்பா!

அம்மா: கேக் கடையில பேர் எழுதறது என் வேலை. க்ரீம் கோனைப் பிடிச்சுப் பிடிச்சு, கை நான் சொன்ன பேச்சு கேக்கும். கோணலா எழுதுன்னா கோணலாவும் எழுதும்.

டீச்சர்: பெருமையா சொல்றீங்க!

அம்மா: பெருமை இல்ல டீச்சர். ஒளிக்க இனிமே என்ன இருக்கு? நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இந்த நோட்டைத்தான் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டிருக்கார். மாசாமாசம் அவ எழுத்து எப்படி மாறிருக்குன்னு பாக்கணுமாம். இதைக் கொண்டு போய் அவர் முன்னாடி வச்சா... அவர் யாரோட கையைப் பாத்து மருந்து எழுதுவார்? என் கையைப் பாத்தா?

டீச்சர்: டாக்டர் என்னதான் சொன்னார்? போன்ல அழுதுட்டே பேசினீங்க, எனக்கு ஒண்ணும் புரியல.

அம்மா: சளிக்குத்தான் காட்டப் போனோம். தெருமுனை டாக்டர் விளையாட்டா தன் பேனாவை நீட்டி, இந்தா பிடின்னார். இவ ரெண்டு கையாலயும் வாங்கினா. ஒரு கையால பிடி பாப்போம்னார். விழுந்துடுச்சு. மறுபடியும் குடுத்தார். மறுபடியும் விழுந்துச்சு. அவர் சிரிச்சுட்டே இருந்தவர்... சிரிப்பை நிறுத்திட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிட்டார்.

ஆயா: ஐயோ, குழந்தை...

அம்மா: பெரிய டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேக்கறார். ஆரம்பத்துலேருந்தே வரலையா... இல்ல, வந்துட்டுப் போச்சா?

டீச்சர்: அதுல என்ன வித்தியாசம்?

அம்மா: நானும் அதைத்தான் கேட்டேன். ஆரம்பத்துலேருந்தே வரலைன்னா பயமில்லையாம். சில பிள்ளைங்களுக்கு விரல் மெதுவாத்தான் பழகுமாம். ஆறு மாசம் பயிற்சி குடுத்தா சரியாயிடுமாம். கொஞ்சம் கொஞ்சமா வந்துட்டிருக்குன்னா, அதுவும் தேவையில்லையாம். ஆனா... வந்துட்டுப் போச்சுன்னா...

டீச்சர்: சொல்லுங்க.

அம்மா: நாளைக்கே படுக்க வச்சுடுவாங்க. தொடையில சதை எடுத்துப் பாக்கணுமாம். தசை கரையற வியாதியா இருக்கலாமாம். ஒரு நாள்கூட தள்ளக் கூடாதாம். முன்னாடி பட்டன் போடுவாளான்னு கேட்டார். எனக்குத் தெரியல டீச்சர். பெத்தவ நான், எனக்குத் தெரியல! காலைல ஏழு மணிக்கு நான் கடையில இருக்கணும். அவளா பட்டன் போடற வரைக்கும் நான் எங்க காத்திருந்தேன்? நானே போட்டுவிடுவேன், நானே ஊட்டிவிடுவேன், நானே ஷூ மாட்டிவிடுவேன். அவ விரலுக்கு நான் ஒரு வேலையும் வைக்கல.

ஆயா: எல்லா வீட்டுலயும் அப்படித்தான்மா. இங்க இருபத்தெட்டு டப்பாவையும் நான்தான் திறந்து குடுக்கறேன். எந்தப் பிள்ளைக்குத் திறக்க வரும், எதுக்கு வராதுன்னு என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்? மணியடிச்சா சோறு உள்ள போகணும், அவ்வளவுதான்.

டீச்சர்: நான் மீட்டிங்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! எழுத அவசரம் வேணாம், முதல்ல விரலுக்குப் பலம் வரட்டும்னு. துணிக் கிளிப்பை அழுத்த விடுங்க, களிமண்ணை உருட்ட விடுங்க, பழைய பேப்பரைக் கிழிக்கக் குடுங்க, மணி கோக்கச் சொல்லுங்க... சொன்னேனா இல்லையா?

அம்மா: எல்லாம் செஞ்சேன். இந்த நோட்டு குடுத்தீங்களே, அப்பதான் முதல் தடவையா வீட்டுல பென்சில் குடுத்தேன். ஸ்கூல் திறந்து அஞ்சாவது மாசம். பிடிக்க வரலை. சரி, டீச்சர் சொன்னதைச் செய்வோம்னு கிளிப் வாங்கிட்டு வந்தேன். கலர் கலரா பன்னெண்டு.

டீச்சர்: அப்புறம்?

அம்மா: ரெண்டு கையாலயும் அழுத்தினா. நெஞ்சுல முட்டுக் குடுத்து அழுத்தினா. திறக்கல. “அம்மா, இது வாயே திறக்க மாட்டேங்குது. எம்மேல கோவமா இருக்கு”ன்னா.

ஆயா: பேச்சைப் பாரேன்.

அம்மா: சிரிச்சுட்டேன். அன்னிக்குச் சிரிச்சேன் ஆயாம்மா. களிமண்ணை வச்சா மேல உள்ளங்கையை வச்சுட்டு உக்காந்திருப்பா. உருட்டுடின்னா, “கை தூங்குதும்மா”ம்பா. எழுப்புடின்னு நானும் கிச்சுகிச்சு மூட்டுவேன்.

டீச்சர்: அப்பவே எங்கிட்ட வந்து சொல்லிருக்கணும். ஏமாத்தறதுக்கு பதிலா சொல்லிருக்கலாம். நான் என்ன பேயா பிசாசா?

அம்மா: சொன்னேனே.

டீச்சர்: எப்ப?

அம்மா: முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. அடியில எழுதிருக்கேன். “கை வலிக்குதுன்னு சொல்றா, கொஞ்சம் பாருங்க”ன்னு. அதுக்குக் கீழ நீங்க சிவப்புல எழுதிருக்கீங்க. “இன்னும் பயிற்சி தேவை.” பக்கத்துல ஒரு அழுமூஞ்சி.

டீச்சர்: அது... எல்லாருக்கும் போடறதுதான். ரப்பர் ஸ்டாம்ப் இருக்கு. சிரிச்ச மூஞ்சி ஒண்ணு, அழுமூஞ்சி ஒண்ணு.

அம்மா: அவளுக்கு ஸ்டாம்ப்னு தெரியாதே. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு சாயங்காலம் பூரா அழுதா. டீச்சருக்கு என்னைப் பிடிக்கலை, டீச்சர் என்னால அழறாங்கன்னு. சாப்பிடல. அடுத்த நாளும் அதே நிக்கிற கோடு, அதே படுக்கிற கோடு. மூணு வரி போட்டா. பென்சில் நழுவுது, எடுக்கறா, நழுவுது, எடுக்கறா. வியர்த்துப் போச்சு அவளுக்கு. போதும் போ, நான் பாத்துக்கறேன்னுட்டேன்.

ஆயா: பெத்த வயிறு கேக்குமா?

அம்மா: மறுநாள் நோட்டைத் தூக்கிட்டு ஓடி வந்தா. ஸ்டார்! அம்மா, எனக்கு ஸ்டார்! அவ எழுதலைன்னு அவளுக்கே மறந்து போச்சு. அவங்கப்பா வெளியூர்ல கிடக்கறார், அவருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். என் பொண்ணு கையெழுத்துன்னு ஆபீஸ் முழுக்கக் காட்டிருக்கார் மனுஷன். அதுக்கப்புறம் எப்படி நிறுத்தறது? நீங்களே சொல்லுங்க. எந்தப் பக்கத்துல நிறுத்தறது?

டீச்சர்: அவருக்குத் தெரியுமா இப்ப?

அம்மா: ஆஸ்பத்திரி விஷயமே சொல்லல. நாளைக்கு என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு சொல்லலாம்னு.

டீச்சர்: தப்புங்க. எல்லாம் தப்பு. குழந்தை விஷயத்துல இப்படி...

அம்மா: தப்புதான். திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா இப்ப அதுக்கு நேரமில்ல. இந்த நோட்டு குப்பை. இதை விடுங்க. உங்க ஃபைல் இருக்கில்ல?

டீச்சர்: என்ன ஃபைல்?

அம்மா: வகுப்புல எழுத வைப்பீங்களே, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல், தேதி ஸ்டாம்ப் அடிச்சு. அது முதல் மாசத்துலேருந்து இருக்கும். அதைக் குடுங்க, நான் கிளம்பறேன்.

டீச்சர்: அது... அது தாளாளர் ரூம்ல இருக்கு.

ஆயா: இல்லையே. இந்த பீரோவுலதான் இருக்கு. காலைலகூட தூசி தட்டினேன்.

டீச்சர்: சாவி அவர்கிட்ட இருக்கு ஆயாம்மா.

ஆயா: உங்க கழுத்துல தொங்கறது என்னதாம்?

டீச்சர்: ...ஃபைலை வெளிய குடுக்கக் கூடாதுங்க. ஸ்கூல் ரூல்.

அம்மா: வேணாம். இங்கயே வச்சு போட்டோ எடுத்துக்கறேன்.

டீச்சர்: அதுல பெரிசா ஒண்ணும் இருக்காது. மாசத்துக்கு ரெண்டு தாள். அதைப் பாத்து டாக்டருக்கு என்ன தெரியப் போகுது?

அம்மா: டீச்சர், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

டீச்சர்: ஐயோ, எழுந்திருங்க! என்ன இது... இருங்க. எடுக்கறேன்.

ஆயா: நான் எடுத்துத் தரட்டுமா? சாவியைத் தலைகீழாப் போடறீங்க.

டீச்சர்: வேணாம். ...இந்தாங்க.

அம்மா: முதல் மாசம்... இதா? கிறுக்கி வச்சிருக்கா. கோடு எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போகுது. பாருங்களேன், தாளே கிழிஞ்சிருக்கு.

டீச்சர்: ம்.

அம்மா: ரெண்டாவது மாசம். கொஞ்சம் பரவாயில்ல. இன்னும் வளைஞ்சு வளைஞ்சுதான் போகுது. மூணு... நாலு... டீச்சர்!

டீச்சர்: என்ன?

அம்மா: நேரா நிக்குது! அஞ்சாவது மாசத்துல கோடு நேரா நிக்குது! இங்க பாருங்க, படுக்கிற கோடும் கட்டத்தைத் தாண்டல. ஆயாம்மா, இங்க வாங்க, பாருங்க.

ஆயா: எனக்கென்னம்மா தெரியும். நான் துடைக்கிறவ.

அம்மா: ஆறு... ஏழு... இது போன மாசம். வட்டம்! வட்டத்தைச் சரியா கொண்டு வந்து மூடிருக்கா. திரும்பற இடத்துல நடுக்கமே இல்ல. நான் சொல்றேன் டீச்சர், எனக்குக் கோடு தெரியும். இது பழகின கை போட்ட வட்டம்.

டீச்சர்: மெதுவா... உக்காருங்க.

அம்மா: எப்படி உக்காருவேன்? அப்ப வந்துட்டிருக்கு! மாசாமாசம் நல்லா வந்துட்டிருக்கு! வரலையும் இல்ல, வந்துட்டுப் போகவும் இல்ல. வீட்டுல எங்கிட்ட மட்டும்தான் சோம்பேறித்தனம். அம்மா எழுதித் தருவான்னு கண்டுக்கிட்டா கள்ளி! கை தூங்குதாம் கை!

டீச்சர்: அந்த டாக்டர் பேனா குடுத்தப்ப விழுந்துச்சுன்னீங்களே...

அம்மா: பயந்திருப்பா. ஊசி போடுவாங்கன்னு நினைச்சிருப்பா. ஆமா, பயம்தான். நான்தான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன். எல்லாம் என் தப்பு. தப்பு நம்ம மேலன்னு தெரிஞ்சா இப்படி ஒரு நிம்மதி வருமா டீச்சர்? பத்து நாளா எனக்குப் புத்தி ஒரு இடத்துல நிக்கல. கடையில ஒரு கேக்ல பேரை மாத்தி எழுதிட்டேன். பொறந்தநாள் குழந்தையே அழுதுடுச்சு...

ஆயா: டீச்சரம்மா.

டீச்சர்: தெரியும் ஆயாம்மா.

ஆயா: நான் போய் பாப்பாவைப் பாத்துக்கறேன். வாளி இங்கயே இருக்கட்டும். நீங்க பேசுங்க. கேட்டை ஆறு மணிக்குப் பூட்டிக்கலாம்.

அம்மா: ஆயாம்மா, கிளம்பிடுவோம், இன்னும் ரெண்டு நிமிஷம். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுடறேன். நாளைக்கு வரலைன்னு. அந்த இடத்தை வேற யாருக்காவது குடுக்கட்டும், பாவம், நிஜமாவே வியாதி உள்ள பிள்ளைங்க எத்தனையோ...

டீச்சர்: போனைக் கீழ வைங்க.

அம்மா: ரிங் போகுது.

டீச்சர்: வைங்கன்னு சொல்றேன்ல!

அம்மா: ...என்ன டீச்சர்?

டீச்சர்: நாளைக்குப் போங்க.

அம்மா: எதுக்கு? சதையை அறுத்துப் பாக்கறதுக்கா? இதோ, உங்க ஃபைல்லயே இருக்கே...

டீச்சர்: இருபத்தெட்டு பிள்ளைங்க. நான் ஒருத்தி. கிளிப்பு, களிமண்ணு, மணின்னு நானும்தான் கொண்டு வந்து வச்சேன். தாளாளர் ஒரு நாள் வந்து பாத்தார். “பெத்தவங்க மணி கோக்கவா பணம் கட்டறாங்க? ஃபைல்ல என்ன இருக்கு, அதைக் காட்டு”ன்னார். வெறும் தாள் இருந்தா அடுத்த மாசம் வேற ஆள் பாத்துக்கறேன்னார்.

அம்மா: அதுக்கும் என் பொண்ணுக்கும் என்ன?

டீச்சர்: எழுத வராத பிள்ளைங்க ஏழெட்டு பேர் இருந்தாங்க. பின்னாடி உக்காந்து... கையைப் பிடிச்சு...

அம்மா: நீங்க பிடிச்சு எழுத வச்சீங்களா?

டீச்சர்: ம்.

அம்மா: இதுல எந்தப் பக்கம் டீச்சர்? வட்டமா? இந்த நேர்க்கோடா? காட்டுங்க, அதை மட்டும் எடுத்துடலாம்.

டீச்சர்: எல்லாமே.

அம்மா: முதல் மாசம்?

டீச்சர்: அதுவும்.

அம்மா: அப்ப... அந்த நோட்டுல நான். இந்த ஃபைல்ல நீங்க. என் பொண்ணு எங்க டீச்சர்? எட்டு மாசத்துல அவ எழுதினதா அந்த ஒண்ணரைப் பக்கம்தானா?

டீச்சர்: என்னை மன்னிச்சுடுங்க.

அம்மா: எனக்கு உங்க மன்னிப்பு வேணாம்! நான் நாளைக்கு அந்த மனுஷன் முன்னாடி எதை வைப்பேன்? வரவே இல்லையா, வந்துட்டுப் போச்சான்னு கேப்பாரே... யாரைக் கேட்டுச் சொல்லுவேன்? எனக்குத் தெரியாது. ஆயாம்மாவுக்குத் தெரியாது. நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியாது. இந்த உலகத்துல யாருக்குமே தெரியாதா?

டீச்சர்: எனக்குத் தெரியும்.

அம்மா: எப்படித் தெரியும்? நீங்கதான் அவளை எழுதவே விடலையே!

டீச்சர்: அவ கை என் கைக்குள்ள இருந்துச்சும்மா. முதல் மாசம் அது அடங்கவே அடங்காது. நான் மேல இழுத்தா அவ பக்கத்துல இழுப்பா. “விடு டீச்சர், நானே போடறேன்”னு தள்ளுவா. கிழிஞ்ச தாள் பாத்தீங்களே, அது அப்படித்தான் கிழிஞ்சுது. இந்தப் பொடிக்கு என்ன பலம்னு நான் சிரிச்சிருக்கேன். அப்புறம் தள்ளறது குறைஞ்சுது. அஞ்சாவது மாசம் நின்னே போச்சு. அதான் கோடு நேரா வந்துச்சு. பிள்ளை பழகிட்டா, சொன்னபடி கேக்கறான்னு... நினைச்சேன்னு சொன்னா பொய். அப்படி நினைச்சுக்கிட்டேன். போன மாசம் அந்த வட்டம் போடறப்ப பென்சில்தான் தெரிஞ்சுது, உள்ள ஒரு கை இருக்கறதே எனக்குத் தெரியல. அன்னிக்கே உங்களைக் கூப்பிட்டிருக்கணும். கூப்பிட்டா இதையும் சொல்ல வேண்டி வரும்னு கூப்பிடல. நாளைக்கு நானும் வரேன், டாக்டர்கிட்ட நானே சொல்றேன். வந்துச்சும்மா. வந்துட்டுத்தான் போச்சு.